இடம் பெயராமல் குடிபுகுந்தவர்கள்

சொந்த வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் நாள் பார்ப்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆடியும் மார்கழியும் ஆகாதவை. புரட்டாசியும் பலருக்கு உவப்பில்லை. ஆகவே தஞ்சை ஜில்லாவில், சம்பா அறுவடை முடிந்து களத்து நெல் வீடு வந்து சேரும் தை மாசத்தில், கையில் நாலு காசும் மனசில் சற்றே அவகாசமும் உள்ள சமயமாகப் பார்த்து, வாசலில் மாக்கோலமிட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, பசுவையும் கன்றையும் முன்னே விட்டு, நிறைகுடமும் குத்துவிளக்கும் உப்பும் மஞ்சளும் நெல் நிரம்பிய மரக்காலுமாகப் பின்னே நுழைந்து, புது அடுப்பில் பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறதென்று எல்லோரும் குனிந்து பார்க்கிற கிருகப்பிரவேசக் காட்சி, ரேழியும் முற்றமும் கூடமுமாக நீண்டுகிடக்கும் ஓட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்ததுதான்.

ஆனால் அதே ஜில்லாவில், அந்த நெல்லை நட்டும் அறுத்தும் கொடுத்தவர்களிடம் இந்தச் சடங்குக்கு வேண்டிய முதல் வஸ்துவே இருக்கவில்லை. அதாவது, தன்னுடையதென்று சொல்லிக்கொள்ள ஒரு மனை. பண்ணையாள் தன் கையால் குழைத்து வைத்த மண்சுவர், அவனே வெட்டிக் கட்டிய மூங்கில், அவன் வீட்டுப் பெண்கள் முடைந்த கீற்று, வாரந்தோறும் சாணமிட்டு மெழுகிய தரை எல்லாம் அவனுடையவை. மெழுக்குக்குக் கீழே கிடந்த மண் மட்டும் மிராசுதாருடையது. மனைக்கட்டு என்று அதற்குப் பெயர். கூலிப் பேச்சில் ஒரு வார்த்தை தடித்தால், வேலையோடு கூரையும் போய்விடும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த சங்கதியாதலால், அந்தக் குடிசையை வீடென்று சொல்வதைவிட, அவனுடைய பணிவுக்குப் பண்ணை வாங்கி வைத்துக்கொண்ட ஜாமீன் என்று சொல்வதே பொருந்தும்.

சட்டங்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. 1952-இல் ராஜாஜியின் அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், பண்ணையாளை நினைத்தபடி நீக்குவதற்குத் தடை போட்டது. 1961-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, குடியிருப்பு மனையிலிருந்து அவனை வெளியேற்றக்கூடாதென்றது. வெளியேற்றாதே என்பது வேறு, உன்னுடையது என்பது வேறு. முன்னது தயவுக்குக் கொஞ்சம் முரட்டுச் சகோதரன், அவ்வளவே. 1968 டிசம்பர் 25 இரவில், கூலித் தகராறு முற்றிய, அதே ஜில்லாவின் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தீயிட்டுக் கொல்லப்பட்டார்கள். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

1971-ஆம் வருஷத்துச் சட்டம்தான் மனையின் உரிமையையே குடியிருப்பவன் பேருக்கு மாற்றியது. இந்தக் குடிபுகுதலில் விசித்திரம் என்னவென்றால், யாரும் எங்கும் போகவில்லை. அதே பானை, அதே அம்மி, அதே வாசல். சுமக்க மூட்டையில்லை, கட்ட வண்டியில்லை. அவன் செய்யவேண்டியிருந்த ஆயத்தமெல்லாம், தான் விவசாய வேலை செய்து பிழைப்பவன், இந்த இடத்திலேதான் இருந்துவருகிறேன் என்று சர்க்கார் மனிதர்கள் முன் நிலைநாட்டுவதுதான். பல ஊர்களில் அந்த மனிதர்களில் முதல்வரான கர்ணம், மிராசுதாரோடு ஒரே தெருவில் திண்ணை பகிர்ந்துகொண்டவர் என்பதை நினைத்தால், பஞ்சாங்கம் பார்த்து நல்ல வேளை தேடுவது எவ்வளவோ லேசான காரியமாகத் தோன்றும். பட்டா என்ற அந்தக் காகிதத்தில் சர்வே எண்ணும் பரப்பும் பேரும் இருக்கும். அவ்வளவு சின்னக் காகிதம்.

அது வந்தபின் மனைக்குள் என்ன மாறியது என்று கேட்டால், நான் தென்னம்பிள்ளையைத்தான் காட்டுவேன். நாளைக்கே விரட்டப்படலாமென்று இருப்பவன் கொல்லையில் கீரை விதைப்பான், மிஞ்சினால் அவரைக்குப் பந்தல் போடுவான். ஆறேழு வருஷம் கழித்துக் காய்க்கப்போகிற தென்னையை எந்தத் தைரியத்தில் வைப்பான்?

பிற்பாடு 1981-இல், காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் லாஃப்டி என்ற இயக்கத்தை ஆரம்பித்து, மிராசுதாரர்களிடம் பேசி விலைக்கு வாங்கிய வயல்களைப் பெண்களின் பேரிலேயே பதிவுசெய்து கொடுத்தார்கள். அரசின் தொகுப்பு வீடுகளும் சேரிகளில் எழுந்தன. அப்போதுதான் ஒருவழியாகப் பசுவும் கன்றும், மாவிலையும் குத்துவிளக்கும் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன, பாலும் பொங்கியது.

இருந்தாலும், நான் பார்த்த இரண்டொரு வீடுகளில், பால் காய்ச்சி மாசக்கணக்கான பிறகும் பின்பக்கத்துக் குடிசையைப் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். காரணம் கேட்டதற்கு, சித்திரை வெயிலில் அந்தக் கான்கிரீட்டுக்குக் கீழே ஒரு நாழிகை படுத்துப் பாருங்கள் என்றார்கள். பட்டாவும் அரிசிப் பானையும் புது வீட்டில்; பகல் உறக்கம் கீற்றுக்கூரையின் கீழே.