துயிலெழும் கணினியும் வாயிற்காவலும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று நின்ற தொழிலாளி, அன்று தனக்கு எந்த நிரை என்பதைக் கங்காணியின் வாய்ச்சொல்லால் அறிந்தான். சொல்பவர் கங்காணிதானா என்ற ஐயம் அவனுக்கு எழுந்ததில்லை. அவன் நாள்தோறும் கண்ட முகம் அது. கணினிகளுள்ளும் இவ்வாறு காலையில் ஆணைக்குக் காத்து நிற்பன உண்டு. ஆனால் ஆணையிடுவோர் முகத்தை அவை அறியா. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, அதனை நீக்கச் செய்த முயற்சிகள் யாவை என்பது கருதத்தக்க வரலாறாகும்.

விசையை அழுத்தியதும் கணினி தன்னை இயக்கும் மென்பொருளைத் தேடி எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தார் 'பூட்' என்பர்; தமிழில் துயிலெழுதல் எனலாம். பெரும்பாலான கணினிகள் அம்மென்பொருளைத் தம்முள் இருக்கும் வட்டிலிருந்து எடுக்கின்றன. வட்டில்லாதவை வலையமைப்பின் வழியே வேறொரு கணினியிடமிருந்து அதனைப் பெற்றாக வேண்டும். 1980களில் வட்டின் விலை மிகுதி. ஆதலின் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வட்டில்லாக் கணினிகள் இடம்பெற்றன.

1981ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக் காரென் சாலின்ஸ், டி.எப்.டி.பி. என்னும் எளிய கோப்பு மாற்று நெறியின் விளக்கத்தை வெளியிட்டார். 1985இல் ஸ்டான்பர்டுப் பல்கலைக்கழகத்துப் பில் கிராப்டும் சன் நிறுவனத்து ஜான் கில்மோரும் 'பூட்பி' என்னும் நெறியை வகுத்தனர். துயிலெழும் கணினி, "என் முகவரி யாது? என் கோப்பு எங்கே?" என்று வலையெங்கும் கேட்கும்படி வினவும். விடை வரும், பின்னர்க் கோப்பும் வரும். கடவுச்சொல் இல்லை, விடை தந்தவர் யார் என்ற சோதனையும் இல்லை. அந்நெறி மிகச் சிறிய நினைவகச் சில்லுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஒரு கட்டடத்து வலையில் இருந்தோரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்களே. எனவே அதனை வகுத்தோரைப் பழித்தல் தகாது.

பழிக்கத்தக்கது வேறொன்று. காலம் மாறிய பின்னும் அந்த நம்பிக்கை மாறவில்லை. 1993இல் பூட்பியின் வழித்தோன்றலாக டி.எச்.சி.பி. வந்தது. 1997இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் ஆவணமே, இந்நெறி பாதுகாப்பற்றது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆயினும் 1999இல், இவ்விரு நெறிகளின்மீதே பி.எக்ஸ்.இ. என்னும் வலைவழித் துயிலெழு முறையின் 2.1ஆம் பதிப்பை இன்டெல் நிறுவனம் வெளியிட்டது. 1972இல் பேராக்கின் அண்டை மாநிலமான பினாங்கில் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்த நிறுவனம் இதுவே. ஓர் அறையிலுள்ள நாற்பது கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் மென்பொருள் ஏற்ற முடிந்ததால், அலுவலகங்களும் கல்விக்கூடங்களும் இம்முறையை விரும்பி ஏற்றன. ஆனால் அதே வலையில் ஒருவன் சிறு கருவியொன்றைச் செருகி, உண்மையான கணினிக்கு முன் விடை தந்துவிட்டால், அவன் அனுப்பும் கோப்பே ஆட்சி செய்யும்.

மலேசியா 1997இல் கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியது. அது 2000 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அந்த 1997இலேயே மைசெர்ட் என்னும் கணினி அவசர உதவிக்குழுவும் அமைந்தது. இவை வேண்டியனவே. எனினும் சட்டம் குற்றத்தின் பின்னே வருவது. காவல் முன்னே நிற்பது.

அக்காவலை நாடி, 2011இல் யு.இ.எப்.ஐ. விதிகளில் 'செக்யூர் பூட்' என்னும் முறை இடம்பெற்றது. கோப்பில் நம்பத்தக்கவரின் மின்கையொப்பம் இருந்தாலன்றி அதனை இயக்கலாகாது என்பது இதன் சாரம். இனி அச்சமில்லை என்று பலர் கருதினர். 2024 ஜனவரியில் பிரெஞ்சு நிறுவனமான குவார்க்ஸ்லாப், 'பிக்ஸிபெயில்' என்ற பெயரில் ஒன்பது குறைகளை வெளியிட்டது. பல நிறுவனங்களின் கணினிகளுக்கு அடிப்படையான ஈ.டி.கே.2 நிரலில், வலைச்செய்திகளைப் படிக்கும் பகுதியிலேயே அவை இருந்தன. கையொப்பம் சரிபார்க்கப்படுவது கோப்பு வந்த பின்னர். தீய செய்தியோ அதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிடும். அதே மாதம், லினக்ஸ் கணினிகளைத் துயிலெழுப்பும் 'ஷிம்' என்னும் சிறு நிரலிலும் இதனையொத்த குறை திருத்தப்பட்டது. எதிரே வந்த விடையில் குறித்திருந்த அளவை அந்நிரல் அப்படியே நம்பியதே பிழை.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்று. பின்னால் எத்தனை பூட்டு இட்டாலும், முதலில் பேசுபவரைச் சோதியாமல் நம்பினால் வாயில் திறந்தே கிடக்கும். ஈப்போ நகரத்துப் பள்ளியாயினும் பழைய தோட்டப்புறத்துப் பள்ளியாயினும் கணினி அறை உடையார் செய்யத்தக்கவை சிலவே. வலைவழித் துயிலெழுதல் தேவையில்லையேல் அதனை அணைத்துவிடுக. தேவையாயின், அதற்கெனத் தனி வலை ஒதுக்கி, குறித்த கணினியன்றிப் பிற விடை தராதபடி வலை இணைப்புப் பெட்டியில் தடுத்திடுக. உற்பத்தியாளர் வெளியிடும் திருத்தங்களைத் தவறாது ஏற்றுக. செக்யூர் பூட்டை அணைக்காதிருக்க. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும்.