உழைக்கும் கையும் நகப்பூச்சும்

ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை அவர் கை சொல்லிவிடும் என்பார்கள் பெரியவர்கள். பால்மரம் வெட்டிய கைக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒட்டுப்பால் உரித்த விரல்களின் நகக்கண்ணில் கறுப்பு ஏறி நிற்கும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்கு நகம் நீண்டு வளர வழியே இல்லை. அது ஒரு குறை என்று எண்ணி, கல்யாண வீட்டில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளும் தாய்மார்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பெண்பிள்ளைகளோ இன்று பட்டணத்துக் கடைகளில் உட்கார்ந்து, நகத்தைக் குட்டையாக வெட்டி, அதன்மேல் மெல்லிய நிறத்தில் ஜெல் என்னும் பூச்சைப் பூசிக்கொண்டு வருகிறார்கள். குட்டை நகமும் அடக்கமான நிறமுமே இப்போது நாகரிகம் என்கிறார்கள்.

அம்மா மறைத்துக்கொண்ட குட்டை நகம் மகளுக்கு அழகானது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், நகம் அலங்காரப் பொருளாக ஆன வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

முதலில் நகம் என்பது என்ன? நம் தலைமுடியில் இருக்கும் கெரட்டின் என்னும் புரதம்தான் நகத்திலும் இருக்கிறது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கிறது. வெளியே நாம் காண்பது உயிரற்ற தகடு. அதனால்தான் நகத்தை வெட்டும்போது நமக்கு வலிப்பதில்லை. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளருகிறது. அடியிலிருந்து நுனிவரை ஒரு நகம் முழுவதும் புதிதாக வருவதற்கு ஆறு மாதம் ஆகும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நகத்துக்கு நிறமூட்டும் பழக்கம் மிகப் பழமையானது. பழைய எகிப்தில் பதனிட்டுப் புதைக்கப்பட்ட உடல்கள் சிலவற்றில் மருதாணிச் சாயம் காணப்படுகிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு மருதாணியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீபாவளிக்கு முதல்நாள் இரவு அரைத்து விரல் நுனிகளில் குப்பி வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கிய அனுபவம் பலருக்கு இருக்கும். நம் நாட்டு மலாய்க்காரர்களும் திருமணத்துக்கு முன் ‘இனாய்’ இடுவதற்கென்றே ஓர் இரவை ஒதுக்குகிறார்கள். மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அது கெரட்டினோடு ஒட்டிக் கலந்துவிடும். உள்ளங்கைச் சிவப்பு இரண்டொரு வாரத்தில் போய்விட்டாலும் நகத்தின் சிவப்பு மாதக்கணக்கில் நிற்பதற்கு இதுதான் காரணம். அந்தச் சிவப்பைக் கழுவ முடியாது. நகம் வளர வளர அது நுனிக்கு நகர்ந்து, கடைசியில் வெட்டுண்டு போகும். சீனாவிலும் கொரியாவிலும் பெண்கள் காசித்தும்பைப் பூவைப் படிகாரத்தோடு நசுக்கி நகத்தில் கட்டினார்கள். இந்தச் சாயங்கள் எல்லாம் கொல்லையில் கிடைத்தவை. ஏழைக்கும் கிடைத்தவை. வேலை செய்யும் கைக்கும் ஒத்துப்போனவை.

நீள நகத்தின் கதை வேறு. சீனத்தில் மஞ்சு அரசர்களின் காலத்தில், அரண்மனைப் பெண்கள் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நகத்தை நீள வளர்த்தார்கள். அது ஒடிந்துவிடாமல் இருக்கத் தங்கத்திலும் வெள்ளியிலும் கூர்மையான உறைகள் செய்து மாட்டிக்கொண்டார்கள். 1835 முதல் 1908 வரை வாழ்ந்த அரச அன்னை சிஷியின் நிழற்படங்களில் இந்த உறைகளை இன்றும் பார்க்கலாம். அப்படிப்பட்ட விரலால் அரிசி களைய முடியுமா? துணி துவைக்க முடியுமா? முடியாது. முடியாது என்று ஊருக்குக் காட்டுவதுதான் அந்த நகத்தின் நோக்கம். ‘எனக்காக உழைக்கப் பிறர் இருக்கிறார்கள்’ என்று அந்த நகம் பேசாமல் பேசியது. நீள நகம் அழகு என்ற எண்ணத்துக்கு அடியில் இப்படி ஒரு செய்தி புதைந்திருந்தது. உழைப்பவரின் குட்டை நகத்தை இழிவாகப் பார்க்கும் பார்வையும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நாகரிகமான நகம் என்றால், பொடி தூவித் தோலால் தேய்த்துப் பளபளப்பாக்கிய நகம்தான். 1911இல் நார்தம் வாரன் என்பவர் நகத்தைச் சுற்றியுள்ள தோலை மென்மையாக்கி நீக்கும் ஒரு திரவத்தை விற்கத் தொடங்கினார். அதற்குக் கியூடெக்ஸ் என்று பெயர். சில ஆண்டுகளில் அதே பெயரில் நகச்சாயமும் வந்தது. நம் நாட்டில் எந்த நிறுவனத்தின் நகச்சாயத்தையும் கியூடெக்ஸ் என்றே அழைக்கும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

அந்தச் சாயம் பளபளப்பாகக் காய்வதற்கு உதவிய பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் இட்டுச் செய்வது. முதலில் வெடிமருந்தாகப் பயன்பட்டது. 1920களில் மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் விரைவில் காயும் வண்ணமும் இதிலிருந்து செய்யப்பட்டது. பீரங்கிக்கும் காருக்கும் உதவிய பொருளே பெண்களின் விரல் நுனிக்கும் வந்து சேர்ந்தது.

அக்காலத்து நாகரிகத்தில் ஓர் அடக்கம் இருந்தது. 1920களிலும் 1930களிலும் நகத்தின் அடியில் இருக்கும் வெண்பிறையையும் நுனியையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் நிறம் பூசினார்கள். 1932இல் சார்ல்ஸ் ரெவ்சன், ஜோசப் ரெவ்சன் என்ற சகோதரர்கள் சார்ல்ஸ் லாக்மன் என்பவரோடு சேர்ந்து ரெவ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம் அது. புதுச்சேலை வாங்க முடியாதவள்கூட ஒரு சிறு புட்டி நகச்சாயம் வாங்க முடியும் என்பதை வணிகர்கள் கண்டுகொண்டார்கள். அடர்த்தியான சிவப்பு நகம் ஊரெங்கும் பரவியது.

அடுத்த திருப்பம் ஒரு பல் மருத்துவரால் வந்தது. 1954இல் பிரெட் ஸ்லாக் என்பவர் தம்முடைய ஒடிந்த நகத்தைச் சரிசெய்யப் பல் வைத்தியத்தில் பயன்படும் அக்ரிலிக் பொருளைப் பூசிப் பார்த்தார். அதிலிருந்து செயற்கை நகத் தொழில் பிறந்தது. குட்டை நகம் உள்ளவரும் ஒரு மணி நேரத்தில் நீள நகம் பெறலாம் என்றாயிற்று. ஆனால் அதில் பயன்பட்ட மெத்தில் மெத்தக்ரிலேட் என்னும் திரவத்தால் பலருக்கு விரல் வீங்கியது, நகம் சிதைந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீதிமன்றத்தின் மூலம் நடவடிக்கை எடுத்து, அந்தத் திரவத்தைக் கலப்பில்லாமல் விற்ற பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்றியது. அதே 1970களில் ஜெப் பிங்க் என்பவர் திரைப்பட நடிகைகளுக்காக ஒரு முறையைப் பரப்பினார். இளஞ்சிவப்பு நகம், நுனியில் வெள்ளைக் கோடு. எந்த உடைக்கும் பொருந்தும் என்பதே அதன் சிறப்பு. இன்று குட்டை நகத்துக்குப் போடும் அடக்கமான அலங்காரங்களில் பல இதன் பிள்ளைகளே.

நேயர்களே, இந்த வரலாற்றில் உழைக்கும் மக்கள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் வருகிறார்கள். 1975இல் வியட்நாம் போர் முடிந்தபோது இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். பின்னால் படகில் வந்தவர்களுக்குத் திரெங்கானுக் கரைக்கு அப்பால் உள்ள பிடோங் தீவில் 1978 முதல் 1991 வரை முகாம் இருந்ததை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1975இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அகதிகளில் சிலர் கலிபோர்னியாவில் ஒரு முகாமில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது தொழில் கற்றுத்தர வேண்டும் என்று நடிகை டிப்பி ஹெட்ரன் முயன்றார். அந்தப் பெண்களோ அவருடைய நகங்களை வியந்து பார்த்தார்கள். உடனே அவர் தமக்கு நகம் சீர்செய்பவரையே அழைத்துவந்து இருபது பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்தார். மொழி தெரியாமல், முதல் இல்லாமல் வந்தவர்கள் விரல் திறமையை மட்டும் நம்பிப் பிழைத்தார்கள். உறவினருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சிறு கடைகளைத் திறந்து விலையைக் குறைத்தார்கள். இன்று அமெரிக்காவில் நக அலங்காரத் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வியட்நாமியர். சீமாட்டிகளின் ஆடம்பரமாக இருந்தது சாதாரணப் பெண்ணின் கைக்கு எட்டியது இவர்களால்தான். கடல் கடந்து வந்து, கையை மூலதனமாக்கிப் பிழைத்த வழிமுறை நமக்கும் தெரிந்ததுதானே?

இப்போது ஜெல்லுக்கு வருவோம். ஜெல் பூச்சு 1980களிலேயே தோன்றியது. 2010இல் ஷெல்லாக் என்ற பெயரில் எளிதில் பூசி எளிதில் நீக்கக்கூடிய வகை வந்த பிறகே உலகமெங்கும் பரவியது. சாதாரண நகச்சாயம் காற்றில் காயும். ஜெல் அப்படிக் காய்வதில்லை. அதிலுள்ள சிறு மூலக்கூறுகள், புற ஊதாக்கதிர் விளக்கின் ஒளி பட்டவுடன் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்து கெட்டியாகின்றன. சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. பூச்சு இரண்டு வாரம் நிற்கும். பாத்திரம் துலக்கினாலும் துணி துவைத்தாலும் எளிதில் உதிராது. வேலை செய்யும் பெண்ணுக்கு அது பிடித்துப்போனதற்கு வேறு காரணம் வேண்டுமா?

குட்டை நகத்துக்கு மதிப்பு வந்ததும் இந்த வழியில்தான். நீள நகத்தின் நுனி பொருளில் மோதும், பூச்சு பெயரும். விரல் நுனியை ஒட்டி வெட்டிய நகத்தில் பூச்சு நெடுநாள் நிற்கும். நகத்தின் அடிவளைவு எப்படியோ அப்படியே நுனியையும் வட்டமாக அராவினால் விரல் நீண்டு தெரியும். நிறத்தில் நம் தோலுக்கு வெளிறிய இளஞ்சிவப்பைவிடப் பால் கலந்த தேநீர் நிறமும், தேன் நிறமும், வாடிய ரோஜா நிறமும் நன்றாகப் பொருந்தும். நுனியில் வெள்ளைக் கோடு வேண்டுமானால் நூலளவு போதும். ஒரே ஒரு விரலில் பிறைக்கு அருகே சிறு பொட்டு வைக்கலாம். பத்து விரலுக்கும் பூவேலை வேண்டாம். சிறிய நகத்தில் நெருக்கடிதான் தெரியும்.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். கெட்டியாகாத ஜெல் தோலில் படுவதால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது. 2018இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் இதுபற்றி மக்களை எச்சரித்தது. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் நிற்கும். பின்னாளில் பல் அடைக்கும்போதுகூட அதே வகைப் பொருளால் தொல்லை வரலாம். ஜெல்லைக் கெட்டியாக்க உதவிய டிபிஓ என்னும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடைசெய்துவிட்டது. ஆகவே வாங்கும் புட்டியின் சீட்டைப் படியுங்கள். பூச்சு தோலில் வழியாமல் மெல்லியதாகப் பூசுங்கள். எந்த ஜெல்லுக்கு எந்த விளக்கு என்று சொல்லியிருக்கிறார்களோ அதையே பயன்படுத்துங்கள். விளக்கில் வைக்கும்போது விரல்நுனி வெட்டிய கையுறை அணிவது நல்லது. அரிப்போ சிவப்போ கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பூச்சைப் பிய்த்து எடுக்கவே கூடாது. பிய்த்தால் நகத்தின் மேல்படலமும் சேர்ந்து வரும். அது சரியாக ஆறு மாதம் ஆகும் என்பது முன்பு சொன்ன கணக்கு. அசிட்டோனில் நனைத்த பஞ்சைப் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றிவைத்தால் தானே இளகும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அடுப்பங்கரையில் வேண்டாம்.

நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இன்னொன்றையும் அறிய வேண்டும். செயற்கை நகம் கூடாது, இயற்கை நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டியது. நீள நகத்துக்கு அடியில் கிருமி தங்கும் என்பதே காரணம்.

உங்கள் பெண் இந்தத் தொழிலையே கற்கப் போகிறாள் என்றால், அவளுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கைக்காரி மாதத்தில் ஒரிருமுறை தொடும் மருந்தை அவள் நாள் முழுவதும் தொடுகிறாள். நல்ல காற்றோட்டமும், கையுறையும், ஒழுங்கான சம்பளமும் அவள் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். நியூயார்க் மாநிலத்தில் நகக்கடைத் தொழிலாளர்களின் குறைந்த கூலியும் உடல்நலக் கேடும் 2015இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகே அரசு அவசர விதிகளைக் கொண்டுவந்தது. கூலியும் பாதுகாப்பும் கேட்காமல் வருவதில்லை என்பதைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை செய்யாத கையைக் காட்டுவதற்கென்று பிறந்தது நீள நகம். உழைப்பால் தேய்ந்தது குட்டை நகம். இரண்டில் எது மதிப்புடையது என்று உலகம் இப்போதுதான் கண்டுகொண்டது போலத் தெரிகிறது. பூச்சு பூசுவதும் பூசாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அடுத்த கல்யாண வீட்டில் தாய்மார்கள் கையை முந்தானைக்குள் மறைக்க வேண்டாம். அந்தக் கைதான் அங்கே வந்திருக்கும் பல பிள்ளைகளைப் படிக்க வைத்த கை.