தேவேந்திரக் குறவஞ்சி

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) மராத்தியில் இயற்றிய இசைநாடகம். உலகப் புவியியலைப் பாட்டாகச் சொல்வது இதன் தனிச்சிறப்பு. குறி சொல்ல வரும் குறத்தி இந்திராணியிடம் கண்டங்களையும் நாடுகளையும் அடுக்கிப் பாடுகிறாள்.

வழக்கமான குறவஞ்சியில், உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்வாள். கூடையும் கோலுமாக வரும் குறத்தி மலைவளம், நாட்டுவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்வாள். ஊர் ஊராகத் திரிபவள் அவள். நிலத்தைப் பற்றிப் பேச அவளைவிடத் தகுதியானவர் நாடகத்தில் வேறு யாருமில்லை. நாட்டுவளம் பாடும் அந்த இடத்தில்தான் சரபோஜி உலகப்படத்தையே வைத்தார். பாடம் புதிது, கேட்பவருக்கு வடிவம் பழகியது.

சரபோஜி, ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் பொறுப்பில் கல்வி பெற்றவர். அதே சுவார்ட்ஸிடம் பயின்று மிஷன் பள்ளி ஆசிரியரான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதிய பெத்லகேம் குறவஞ்சியிலும் (1800) புவியியலும் வானியலும் வருகின்றன. அரசரும் ஆசிரியரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரே வடிவத்தைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. அறிவைப் பல வடிவங்களில் பதியவைக்கும் ஆர்வம் சரபோஜியிடம் நாடகத்தோடு நிற்கவுமில்லை: கண் நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து சிகிச்சைக் குறிப்புகளோடு தொகுத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

வகுப்பறையில் இவ்வடிவத்துக்கு இன்றும் வேலை உண்டு. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், குறவன் சிங்கன் ஒவ்வொரு நகையாகச் சுட்டிக் கேட்க, அது கிடைத்த ஊரைக் குறத்தி சிங்கி சொல்வாள். இந்தக் கேள்வி-பதிலைக் காவிரி டெல்டாப் பிள்ளைகள் தாங்களே எழுதலாம்: சேலை திருபுவனத்துப் பட்டு, விளக்கு நாச்சியார்கோயில், சிலை சுவாமிமலை. இன்னும் நல்ல பாடம் ஆறு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனத் தண்ணீர் பிரியும் வழியைச் சிங்கியின் நடைவழியாக ஒரு மாணவி பாட, மற்றொருவர் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டே போகலாம். பாட்டும் கோடும் ஒன்றையொன்று சரிபார்க்கும். மனப்பாடமாக ஒப்பிக்கும் விடையில் மறைந்துபோகும் குழப்பம் இங்கே மறையாது: காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கும் கும்பகோணத்துக்கு வெண்ணாற்று வழியாகச் சிங்கி வந்து சேர்ந்தால், பிள்ளைக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பது ஆசிரியருக்கு அப்போதே தெரிந்துவிடும்.