நைட் மோட் போட்டும் படம் கலங்குதா? இருட்டில் ஆடுபவர்களைப் படம் பிடிக்க என்ன செய்யணும்?

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. வீட்டுப் பையன் விரதம் இருந்து காளி வேடம் கட்டியிருக்கிறான். ராத்திரி நேரம், மேளம் முழங்க தசரா குழுவோடு ஆடிக்கொண்டு வருகிறான். அப்பா செல்போனில் 40 படம் எடுக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்னாடி இருக்கும் சீரியல் லைட் பளிச்சென்று இருக்கு. பையன் முகம் மட்டும் புகை மாதிரி இழுபட்டுக் கிடக்கு. அந்த வேடத்தை மறுபடி பார்க்க அடுத்த தசரா வரை காத்திருக்கணும்.

போன் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சிக்கல் நைட் மோடில்தான்.

நைட் மோட் என்ன செய்கிறது?

ஒரே படத்துக்காகப் பல ஃப்ரேம்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றை ஒன்றாக்கி வெளிச்சம் கூட்டுகிறது. இதற்கு ஓரிரு விநாடிகூட ஆகலாம். கோபுரம் அசையாது, அதனால் சூப்பரா வரும். ஆடுகிறவர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒவ்வொரு இடத்தில் இருப்பார். விளைவு, மூன்று கை, முகமே இல்லாத தலை! ‘போனில் ஸ்டெபிலைசேஷன் இருக்கே’ என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், எதிரே ஆடுபவரை நிறுத்தாது. ஆட்கள் நகரும்போது, நிலா ஐகானைத் தொட்டு நைட் மோடை ஆஃப் செய்வதுதான் முதல் வேலை.

எவ்வளவு ஷட்டர் ஸ்பீட் வேண்டும்?

கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம்தான் ஷட்டர் ஸ்பீட். மெதுவாக நடப்பவருக்கு 1/125 விநாடி போதும். கரகாட்டம், கும்மி என்றால் 1/250. சிலம்பம், துள்ளிக் குதிக்கும் ஆட்டம் என்றால் 1/500 இருந்தால் நல்லது. போனில் ப்ரோ மோட், கேமராவில் டயலை ‘எஸ்’ அல்லது ‘டி.வி’யில் வைத்து இதை மாற்றலாம். ஐபோனின் சொந்த கேமராவில் இந்த வசதி இல்லை. தனி ஆப் வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 1/60-லிருந்து 1/250-க்குப் போனால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை 4 மடங்கு ஏற்றணும். அதாவது 800 இருந்த இடத்தில் 3200. படத்தில் புள்ளி புள்ளியாக கிரெயின் வரும். பலர் இங்கேதான் பயந்து ஐ.எஸ்.ஓ.வை இறக்கிவிடுகிறார்கள். கிரெயினை எடிட்டிங் ஆப்பில் ஓரளவு குறைக்கலாம், போன் திரையில் அது பெரிசா உறுத்தாது. இழுபட்ட முகத்தை பழையபடி கொண்டுவர வழியே இல்லை. ரெண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், கிரெயினே பரவாயில்லை.

ப்ரோ மோட் இல்லையா? முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, பக்கத்தில் வரும் சூரியன் ஐகானைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பல போன்களில் ஷட்டரும் அதோடு வேகமாகிவிடும். ஜூம் மட்டும் செய்யாதீங்க. 1 எக்ஸ் லென்ஸ்தான் பொதுவாக அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். பக்கத்தில் போய் எடுப்பதே மேல்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு

கூடவே வரும் 18-55 லென்ஸ், ஜூம் செய்தால் எஃப் 5.6-க்குப் போய்விடும். 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் தரும். விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று. புது கேமரா வாங்கும் முன் இதை யோசிக்கலாம்.

எப்போது கிளிக் செய்வது?

எந்த ஆட்டத்திலும் ஆள் ஒரு கணம் நிற்கும் இடம் உண்டு. குதித்தவர் உச்சியில் இருக்கும்போது, சுற்றி வந்தவர் திசை மாறும்போது, மேளம் ஒரு சுற்று முடிந்து அடங்கும்போது. இரண்டு மூன்று சுற்று சும்மா பார்த்தாலே தாளம் பிடிபட்டுவிடும். அந்த நொடியில் 1/100 ஸ்பீடிலேயே முகம் தெளிவா விழும். பர்ஸ்ட் மோடில் அடுத்தடுத்து எடுத்தால் இன்னும் நல்லது.

1/100-க்கு இன்னொரு உபயோகமும் இருக்கு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய ட்யூப் லைட்டும் சில எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 1/250-ல் எடுத்தால் படத்தில் கோடு கோடாக வரலாம். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் விழலாம். அப்படி வந்தால் 1/100-க்கு இறங்கி, ஆள் நிற்கும் கணத்துக்காகக் காத்திருங்கள்.

ஃப்ளாஷ் போடலாமா?

போன் ஃப்ளாஷ் சில அடி தூரம்தான் எட்டும். முகம் வெளுத்து, பின்னணி கறுத்து, திருவிழாவே காணாமல் போகும். தீச்சட்டி ஏந்தி வருபவர், தலையில் கரகம் வைத்து ஆடுபவர் கண்ணில் திடீரென ஃப்ளாஷ் அடிப்பது ஆபத்தும்கூட. அருள் வந்து ஆடுபவர்களை, குறிப்பாக பெண்களை, நெருக்கத்தில் எடுக்கும் முன் கூட வந்த குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவிழா அன்றே முதல்முறை முயற்சிக்க வேண்டாம். முந்தின வாரமே தெருவிளக்கின் கீழ் விளையாடும் வீட்டுப் பசங்களை 1/60, 1/125, 1/250 என்று மாற்றி மாற்றி எடுத்து, பெரிதாக்கி கண்களைப் பாருங்கள். எந்த எண்ணில் இமை தெளிவா தெரியுதோ, கோயிலுக்குப் போகும்போது அதில் தொடங்கலாம்.