செவிலியர் பட்டத்தின் இரண்டாம் வாயில்

புனே வானவடியிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரி 1964இல் தொடங்கப்பெற்றது. பள்ளி முடித்து அங்குச் சேரும் மாணவி நான்காண்டுகளில் பட்டதாரியாகிறாள். இந்நேர்வழி இந்தியாவில் 1946இல்தான் திறந்தது: தில்லியிலும் வேலூரிலும்.

வேலூரிலோ செவிலியர் பள்ளி 1909 முதலே இருந்தது. இத்தகைய மருத்துவமனைப் பள்ளிகளில் பயின்றோர் பகலும் இரவும் வார்டில் உழைத்தே சான்றிதழ் பெற்றனர். அவர்களுக்கான இரண்டாண்டுப் பட்டப்படிப்பு 1963இல் திருவனந்தபுரத்தில்தான் வந்தது. இன்று அதன் பெயர் ‘போஸ்ட் பேசிக்’. முன்பு கற்றதனைத்தும் வெறும் ‘அடிப்படை’ என்று அப்பெயரே தீர்ப்பளித்துவிடுகிறது. மொழியியல் பயின்றவளாகிய எனக்கு அது உறுத்துகிறது.

கணக்கும் அவ்வாறே. மூன்றாண்டுப் பட்டயத்துடன் இவ்விரண்டும் சேர, நான்காண்டுப் பட்டத்திற்கு ஐந்தாண்டுகள் செலவாகின்றன. பட்டயத்தில் படித்த நுண்ணுயிரியலும் உளவியலும் மீண்டும் பாடங்களாகின்றன. ஆழம் கூடுகிறது என்பது உண்மையே. ஆயினும், அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் தேறிய நுண்ணுயிரியல் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கணக்கில் சேர்கிறது. இங்கோ பணியிலிருக்கும் செவிலி, ஊதியத்தையோ விடுப்பையோ இழந்து, அதே பாடத்திற்கு மறுபடியும் தேர்வெழுதுகிறாள்.