பழைய ஸ்டீரியோ ரிசீவரை மாற்றுவதா, சீர்செய்வதா? மராண்ட்ஸ் 2270ஐ முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் கேள்வி

1970களின் ஸ்டீரியோ ரிசீவரை வைத்திருப்பவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: இதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாமா? பெரும்பாலும் இது பிழையான ஒப்பீட்டிலிருந்து பிறக்கும் கேள்வி. ஐம்பது ஆண்டு உழைத்தும் ஒருமுறைகூட மூடி திறக்கப்படாத கருவியை, நேற்றுக் கடையிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பழையது தோற்கத்தான் செய்யும். உலர்ந்த மின்தேக்கிகளும் கறுத்துப்போன சுவிட்சுகளும் அங்கே தோற்கின்றன. வடிவமைப்பு இன்னும் சோதிக்கப்படவே இல்லை. பழைய அளவீடுகளுக்கு மீட்கப்படாத ரிசீவரைப் பற்றி மாற்றும் முடிவை எடுக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எடுத்துக்காட்டாகக் கொள்வது 1970களின் தொடக்கத்தில் வந்த மராண்ட்ஸ் 2270. எட்டு ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 70 வாட். பெயரின் கடைசி இரு இலக்கங்கள் சொல்வதும் அதைத்தான்.

2. ஒரு பெட்டிக்குள் மூன்று கருவிகள்

ரிசீவர் என்பது டியூனர், ப்ரீ-ஆம்ப்ளிஃபயர், பவர் ஆம்ப்ளிஃபயர் மூன்றும் ஒரே பெட்டியில் அமைந்தது. 2270இன் பின்பக்கத்தில் ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று தனித்தனி இணைப்புகள் உண்டு. எனவே மூன்றையும் தனித்தனியே எடைபோடலாம். ஒன்று பழுதானால் மற்ற இரண்டையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

3. வாட் கணக்கு

மாற்ற விரும்புவோர் முதலில் சொல்லும் காரணம் ‘பவர் போதவில்லை’ என்பது. வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். 70 வாட்டிலிருந்து 140க்குப் போனாலும் காதுக்குச் சற்றே உரக்கக் கேட்கும், அவ்வளவே. ஒரு வாட்டுக்கு 87 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கரோடு வீட்டுக் கூடத்தில் கேட்பவருக்குப் பெரும்பாலான நேரம் சில வாட்டுகளே செலவாகின்றன.

பழைய எண்களை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. 1974இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி கொண்டுவந்தது: ஆம்ப்ளிஃபயரை மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன்பின் தொடர்ச்சியாகத் தரக்கூடிய பவரையே விளம்பரத்தில் சொல்ல வேண்டும். அதற்குப் பின் நடந்த வாட் போட்டியில்தான் பயனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட் வரை போனது. இன்றைய ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் பலவற்றின் அட்டையில் உள்ள ‘100 வாட்’, ஒரு சேனலை மட்டும், ஒரே அதிர்வெண்ணில், ஆறு ஓமில் அளந்ததாக இருக்கக்கூடும். 2270இன் 70 வாட் அதைவிடக் குறைவு என்று எண்ணத் தேவையில்லை.

4. முதுமை எங்கே தங்குகிறது

எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளுக்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. அதனால்தான் ஹீட் சிங்க்கை ஒட்டி இருப்பவை முதலில் போகின்றன. பவர் சப்ளையில் இருப்பவை உலர்ந்தால் ஹம் எழும். சிக்னல் பாதையில் இருப்பவை உலர்ந்தால் பேஸ் மெலியும். ஒரு சேனலில் மட்டும் மழைபோல் சரசரப்பு வந்தால் அக்கால டிரான்சிஸ்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். 2எஸ்சி458 இதற்குப் பெயர்போனது. ஒரு சேனல் வந்து வந்து போவதற்குப் பெரும்பாலும் சுவிட்சின் அழுக்கோ ரிலேயின் கறுத்த முனைகளோதான் காரணம். கான்டாக்ட் கிளீனரில் முடியும் வேலை அது. இதற்காகவே நல்ல ரிசீவர்களை விற்றுவிடுகிறவர்கள் இருப்பது வருத்தமான விஷயம்.

நெடுங்காலம் உறங்கிய கருவியை நேரே பிளக்கில் செருகக் கூடாது. நம் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். பிறகு ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரின் டிசி மில்லிவோல்ட்டைப் பார்க்க வேண்டும். 20, 30க்குள் இருந்தால் கவலையில்லை. 50ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 100க்கு மேல் காட்டும் கருவியில் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது.

எல்லா மின்தேக்கிகளையும் ஒரேயடியாகப் பிடுங்கி மாற்றுவதை நான் ஏற்பதில்லை. எலக்ட்ரோலிட்டிக் வகையை மாற்றலாம். ஃபிலிம் வகையைத் தொட வேண்டாம். டயலின் நீல ஒளியிலும் இதே நிதானம் வேண்டும். பல்புகளின் சூட்டில் பின்னாலிருக்கும் மெல்லிய தாள் பழுத்துப் பழுப்பாகிவிடும். தாளை மாற்றாமல் எல்இடி மட்டும் போட்டால் நீலம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

5. வெளிநாட்டிலிருந்து வந்தவை

இந்தியாவுக்கு வந்துசேரும் பழைய ரிசீவர்களில் அமெரிக்க, ஜப்பானிய மாடல்களும் உண்டு. முன்னது 120 வோல்ட், பின்னது 100 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஜப்பான் உள்நாட்டு மாடலின் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் என்பதால் நம் தனியார் நிலையங்கள் அதில் சிக்கா. அமெரிக்க மாடலில் வேறொரு நுட்பமான குறை: ஒலிபரப்பில் உயர்த்தி அனுப்பப்படும் உயர் அதிர்வெண்களை மீண்டும் தணிக்கும் டீ-எம்ஃபசிஸ் அதில் 75 மைக்ரோநொடி, இங்குள்ள ஒலிபரப்புக்கு வேண்டியது 50. இதனால் 10 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல்லுக்குச் சற்று மேல் குறைந்து ரேடியோ மங்கலாகக் கேட்கும். டியூனர் கிழடாகிவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். தொழில் தெரிந்தவர் சேனலுக்கு ஓரிரு சிறு பாகங்களை மாற்றிச் சரிசெய்துவிடுவார்.

6. மாற்றுவது நியாயமாகும் இடங்கள்

டிஜிட்டல் இணைப்பு இல்லை என்பது மாற்றக் காரணமாகாது; டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் ஒரு டாக் (டிஏசி) போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2270இன் ஆக்ஸ் உள்ளீட்டுக்கு 180 மில்லிவோல்ட்டே நிறைவு. டாக் 2 வோல்ட் தரும். வால்யூமைக் கொஞ்சம் திருப்பியதும் கூடம் அதிரும்; அந்தத் தொடக்கப் பகுதியில் இரு சேனல்களும் சமமாக இராது. டாக்கின் வெளியீட்டைக் குறைத்துவைத்தால் தீர்ந்தது.

சப்வூஃபருக்குப் பேஸைப் பிரித்தனுப்புவது, அறைக்கேற்ப ஒலியைத் திருத்துவது, டிவியோடு ஒரே ரிமோட்டில் இயங்குவது ஆகியவை உண்மையிலேயே தேவையென்றால் புதியது வாங்குவதே சரி. நான்கு ஓமுக்குக் கீழே இறங்கும் ஸ்பீக்கர்களையும் பழைய ரிசீவரில் மாட்டக் கூடாது. எஸ்டிகே ஹைப்ரிட் ஐசி கொண்ட மாடல்களில் அந்த ஐசி போய்விட்டால் அசல் கிடைப்பது அரிது, போலிகள் ஏராளம். அங்கே பிடிவாதம் வேண்டாம். மறுபக்கம், இரவில் தணித்துக் கேட்பவருக்கு லவுட்னஸ் பொத்தானும் மூன்று டோன் கன்ட்ரோலும் பெரிய வரம். இன்றைய எளிய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இவை கிடையாது.

2270இன் பவர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால் கதை முடிந்தது, உதிரிபாகங்களுக்காக விற்றுவிடலாம். பவர் ஆம்ப்ளிஃபயர் பகுதி மட்டும் போனதென்றால், அதைத் துண்டித்துவிட்டு, ப்ரீ-அவுட்டிலிருந்து ஒரு புதிய பவர் ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.