இயந்திரம் தயார், உலோகம் தயாரில்லை

3டி பிரிண்டிங் வரலாறு என்றால் எல்லோரும் இயந்திரத்தின் கதையைத்தான் சொல்கிறார்கள். 1984-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹல், ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினை அடுக்கடுக்காக இறுக்கிப் பொருள் செய்யக் காப்புரிமை கேட்டார். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் ஆஹென் நகரில், உலோகப் பொடியை லேசரால் முழுக்க உருக்கி அடுக்கும் முறை பிறந்தது. சரி, இயந்திரம் வந்துவிட்டது. உலோகம் ஒத்துழைத்ததா?

பள்ளிப் பாடத்தில் டூராலுமின் என்ற உலோகக்கலவையைப் படித்திருப்பீர்கள். அதன் தம்பி 7075. அலுமினியத்தோடு துத்தநாகம், மக்னீசியம், தாமிரம் சேர்ந்தது. 1930-களில் ஜப்பானியர் உருவாக்கிய இந்த வகைக் கலவை ஜீரோ போர்விமானத்தில் பயன்பட்டது. எடை குறைவு, வலிமை அதிகம். ஆனால் லேசரில் அச்சிட்டால் உடம்பெல்லாம் வெடிப்பு!

காரணம் அது உறையும் விதம். தூய அலுமினியம் 660 டிகிரியில் ஒரேயடியாக உறையும். 7075 அப்படியல்ல. சுமார் 635-இல் உறையத் தொடங்கி 477 வரை இழுக்கும். இடையில் கஞ்சி பதம். அந்த நேரத்தில் படிகங்கள் தூண் தூணாக மேல்நோக்கி வளர்கின்றன. தூண்களுக்கு நடுவே மெல்லிய படலமாக மிச்சத் திரவம். குளிரும்போது உலோகம் சுருங்குமல்லவா? அந்த இழுப்பில் படலம் கிழிகிறது. அதனால்தான் பல ஆண்டுகள், எளிதில் அச்சாகும் சிலிக்கான் கலந்த அலுமினியத்தை வைத்தே ஒப்பேற்றினார்கள். அதற்கு 7075-இன் வலிமை கிடையாது.

விடை 2017-இல் நேச்சர் இதழில் வந்தது. கலிபோர்னியாவின் மாலிபு நகரில் உள்ள எச்.ஆர்.எல். ஆய்வகத்தார், பொடியின் ஒவ்வொரு துகள் மீதும் சிர்கோனியம் சேர்மத்தின் நுண்துகள்களை ஒட்டவைத்தார்கள். கற்கண்டு காய்ச்சும்போது பாகில் நூல் கட்டுவோமே, அதே வேலை! உருகிய உலோகத்தில் சிர்கோனியம் அலுமினியத்தோடு சேர்ந்து வித்தாகிறது. தூண்களுக்குப் பதில் எங்கும் பொடிப்பொடிப் படிகங்கள். சுருக்கத்துக்கு அவை விட்டுக்கொடுக்கும், வெடிப்பு இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வார்ப்படக்காரர்கள் நெடுங்காலமாகவே உருகிய அலுமினியத்தில் டைட்டானியம், போரான் போட்டுப் படிகங்களைச் சிறிதாக்கி வந்தவர்கள் என்பதுதான். பட்டறை அறிவுதான் லேசர் யுகத்துக்கும் கைகொடுத்தது. இன்னொன்று, 1960-இல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரவைத்ததும் இதே ஆய்வகத்தில்தான். அப்போது அதன் பெயர் ஹியூஸ் ஆய்வகம்.

2019-இல் இந்தப் புதிய கலவைக்கு அமெரிக்க அலுமினியம் சங்கம் பதிவு எண் கொடுத்தது. ஆனால் துத்தநாகத்தின் தொல்லை இருக்கிறது. அது கொதிப்பது 907 டிகிரியில், அலுமினியமோ 2,400-ஐத் தாண்டி. லேசர் சூட்டில் துத்தநாகம் முந்திக்கொண்டு ஆவியாகிவிடுவதால், பொடியில் இருந்த அளவு செய்த பொருளில் இருப்பதில்லை.